தராசுக்கு முத்திரை உண்டு, கைக்கு?

வணிகர் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் ஒரு தீர்மானத்துக்கு மட்டும் கைதட்டல் குறைவதே இல்லை. 'வணிகர்களை வதைக்கும் சட்டங்களை அரசு திரும்பப் பெற வேண்டும்' என்பதே அது. மே 5 வணிகர் தின மேடையிலும் கேட்கிறோம், தெருமுனைக் கூட்டத்திலும் கேட்கிறோம். நாமும் கைதட்டியிருக்கிறோம், இனியும் தட்டுவோம். ஆனால் கேட்டதில் ஒரு பகுதி கிடைத்துவிட்டது. கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பற்றித்தான் எந்த மேடையிலும் பேச்சைக் காணோம்.

2023-ல் நாடாளுமன்றம் 'ஜன் விஸ்வாஸ்' என்ற பெயரில் ஒரு சட்டம் நிறைவேற்றியது. மக்கள் மீது நம்பிக்கை என்று அதற்குப் பொருள். 42 மத்தியச் சட்டங்களில் 183 பிரிவுகள் இதன் மூலம் திருத்தப்பட்டன. பல இடங்களில் சிறைத் தண்டனை நீங்கி அபராதம் மட்டும் நின்றது. நம் தொழிலைத் தொடுகிற உணவுப் பாதுகாப்புச் சட்டமும், சட்டமுறை எடையளவுச் சட்டமும் அந்த 42-ல் அடக்கம். உதாரணத்துக்கு ஒன்று: பாதுகாப்பற்ற உணவை விற்று, அதனால் யாருக்கும் தீங்கு நேராத வழக்கில் முன்பு 6 மாதம் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இப்போது சிறை 3 மாதம் வரை, அபராதம் 3 லட்சம் வரை. 'சிறை குறைந்தது, சில்லறை கூடியது' என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். கேலி இருக்கட்டும். நம்பிக்கை என்று பெயர் வைத்து ஒருவர் கொடுக்கும்போது வாங்கிக்கொள்கிறவருக்கும் ஒரு பொறுப்பு வந்து சேர்ந்துவிடுகிறது. கடனுக்குச் சரக்கு போடுகிற மொத்த வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் என்றாலே வணிகனுக்கு எதிரி என்று பேசிப் பழகிவிட்டோம். எடைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1958 அக்டோபரில் மெட்ரிக் எடை வருவதற்கு முன்னால் நம் பக்கத்தில் பலம், வீசை, மணங்கு என்றுதான் கணக்கு. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. முகத்தல் அளவையோ ஊருக்கு ஒரு படி. வாங்குகிற படி ஒன்று, விற்கிற படி ஒன்று என்று இரண்டு வைத்திருந்த கடைகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் காலத்தில் அதிகம் அடிபட்டவர் யார்? நிறைய அளந்து கொடுத்த கடைக்காரர்தான். அவருடைய படி பெரியது, ஆகவே படிக்கு நாலணா கூடச் சொல்வார். பக்கத்துக் கடைக்காரரின் படி சிறியது, விலையும் குறைவு. வாங்க வருகிறவர் விலையைக் கேட்பாரே தவிர படியின் வயிற்றை அளந்து பார்க்க மாட்டார். கிலோ வந்து எல்லாக் கடையிலும் ஒரே கல் என்றான பிறகுதான் இந்த இரண்டு கடைக்காரர்களும் ஒரே தரையில் நின்று போட்டி போட முடிந்தது. புதுக் கணக்கு பிடிபடாமல் முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தால் பிழைத்தது ஒழுங்காக அளந்தவர் வியாபாரம்.

இன்றைக்கு நடைமுறையில் உள்ள 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரும்புக் கல்லுக்கும் கைத்தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை, மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை. தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் பார்த்துக் குத்துகிறார். சரி, குத்தியாகிவிட்டது. சுமாரான ஒரு மளிகைக் கடையில் நாளைக்கு 300 தடவை நிறுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் வருகிறது. அதிகாரி பார்ப்பது ஒரு தடவை. மீதியெல்லாம் நம் கை. முத்திரை போட்ட தராசிலேயே குறைக்க எத்தனை வழி இருக்கிறது என்று நமக்குள் ஒளிக்க என்ன இருக்கிறது? பூஜ்யத்துக்குக் கொண்டுவராமலே நிறுப்பது, சரக்கைத் தட்டில் போட்ட வேகத்தில் எண் நிற்பதற்குள் எடுத்துவிடுவது, அட்டைப் பெட்டியையும் சேர்த்து நிறுப்பது. இனிப்புக் கடையில் கால் கிலோவுக்கு 40 கிராம் பெட்டி என்றால் இனிப்பு 210 கிராம்தான். அட்டையை மைசூர்பாகு விலைக்கு விற்றதாகக் கணக்கு. இதையெல்லாம் பிடிக்க ஒரு கடைக்கு ஒரு அதிகாரி நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தே கடை முழுகிவிடும்.

எடையில் போவது பணம். கலப்படத்தில் போவது உயிர். 1998-ல் டில்லியில் நடந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்து, சாப்பிட்டவர்களுக்குக் கை கால் வீங்கி, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். படுத்தவர்கள் ஆயிரக்கணக்கில். பிரம்மதண்டு நம் ஊர்த் தரிசிலும் மஞ்சள் பூவோடு நிற்கிற முள்செடிதான். உடனே என்ன நடந்தது? சில்லறையாகக் கடுகு எண்ணெய் விற்பது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சமையல் எண்ணெயைப் பொட்டலமாகத்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசின் ஆணை வந்தது. 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும், மாநில அரசு விலக்கு அளித்தால் அல்லாமல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்கக் கூடாது என்றே எழுதினார்கள்.

டில்லியில் கலந்தவர்களுக்கும், நம் ஊரில் செக்கு வைத்து நல்லெண்ணெய் ஆட்டித் தகர டின்னிலிருந்து உழக்கில் ஊற்றிக் கொடுத்தவருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றாகத்தான் வந்தது. பாக்கெட் போடும் இயந்திரம் வாங்க முடிந்தவர் நின்றார், முடியாதவருக்குப் பிழைப்புப் போயிற்று. நமக்கு இதில் கோபம் உண்டு. அந்தக் கோபத்தில் பாதியை அரசு மீது காட்டலாம். மீதிப் பாதியைக் காட்ட வேண்டிய இடம் கலந்த கையும், அது தெரிந்தும் வாங்கி விற்ற கையும்.

மிளகு வியாபாரம் செய்கிறவர்களுக்கு 2012 டிசம்பர் நினைவிருக்கும். கொச்சியில் முன்பேர வணிகச் சந்தையின் கிடங்குகளில் இருந்த பல ஆயிரம் டன் மிளகு, மினரல் ஆயில் தடவியிருக்கிறது என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளால் முடக்கப்பட்டது. பளபளப்பாக இருக்கவும் பூசணம் பிடிக்காமல் இருக்கவும் தடவுகிற எண்ணெய் அது. தடவியவர் சிலர். காகிதத்தில் வாங்கி விற்று, சரக்கைக் கண்ணால்கூடப் பார்க்காத வியாபாரிகளின் முதலும் அந்தக் கிடங்குக்குள் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்டது.

மிளகாய்க் கதையும் இதுதான். 2003-ல் இந்தியாவிலிருந்து போன மிளகாய்த் தூளில் சூடான் சாயம் இருப்பதாக ஐரோப்பாவில் கண்டார்கள். மெழுகுக்கும் பூட்ஸ் பாலிஷுக்கும் நிறம் கொடுக்கிற சாயம் அது. 2005-ல் இங்கிலாந்தில், அந்தச் சாயம் இருந்த மிளகாய்த் தூளைச் சேர்த்த ஒரு சாஸ் வழியாக, 400-க்கும் மேற்பட்ட உணவுப் பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அதன் பிறகு ஒழுங்கான குண்டூர் மிளகாயை அரைத்து அனுப்புகிறவரும் பரிசோதனைச் சான்று இல்லாமல் கப்பலேற்ற முடியாது என்றானது. அந்தச் செலவு யார் தலையில்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். துவரம் பருப்பு கிலோ 150 ரூபாய் என்றும், அதோடு கலக்கத் தோதான மட்டப் பருப்பு 70 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 100 கிலோவில் 10 கிலோ கலந்தால் 800 ரூபாய் லாபம். கிலோவுக்கு 8 ரூபாய். மொத்தக் கடையில் நாம் பார்ப்பது கிலோவுக்கு ஒன்றோ இரண்டோ. கலப்பவர் 5 ரூபாய் விலை குறைத்துக் கொடுத்தாலும் அவருக்கு நம்மைவிட அதிகம் நிற்கும். நம்மிடம் வாங்கிக்கொண்டிருந்த சில்லறைக் கடைக்காரர் ஒருநாள் அவரிடம் போவார். மறுமாதம் நம் மண்டியில் மூட்டை தூங்கும். ஒழுங்காக இருக்கிறவர் எவ்வளவு நாள் தாக்குப் பிடிப்பார்? இந்த இடத்தில் தனி மனிதர் நேர்மை மட்டும் போதாது. கலப்பவரைப் பிடிக்கிற சட்டமும், பயப்படாமல் வருகிற அதிகாரியும் வேண்டும். சட்டமே வேண்டாம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. கேசரிப் பருப்பைத் துவரம் பருப்போடும் கடலைப் பருப்போடும் கலந்து விற்றதைச் சாப்பிட்டுக் கால் விளங்காமல் போனவர்கள் வட மாநிலங்களில் இருந்தார்கள். அதன் விற்பனையை 1961-ல் தடை செய்தது சட்டம்தான். கலந்தவர்கள் தாமாக நிறுத்தவில்லை.

அதற்காகச் சட்டம் எழுதுகிறவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள் என்று சொல்ல வரவில்லை. 1954-ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இருந்த காலத்தில் ஒரு மாதிரி தவறிவிட்டால் பெரும்பாலும் குறைந்தது 6 மாதச் சிறை. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டுக்கு நடந்தே கிழவரானார். 2006-ல் வந்து 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையான புதிய சட்டம் ஓரளவு தரம் பிரித்தது. தரக்குறைவு என்றால் அபராதம், தவறான லேபிள் என்றால் அபராதம், உடலுக்குக் கேடு என்றால்தான் சிறை. ஆனால் தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரை, தரக்குறைவுக்கு 5 லட்சம் வரை என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், எழுதினவர்கள் கண்ணில் பெரிய கம்பெனிதான் இருந்தது என்று படுகிறது. வீட்டில் அப்பளம் இட்டுக் கொடுக்கிற அம்மாளுக்கும், நாடு முழுவதும் விளம்பரம் செய்கிற கம்பெனிக்கும் உச்சவரம்பு ஒன்றேதான். அபராதத்தை முடிவு செய்யும்போது கிடைத்த லாபம், ஏற்பட்ட நஷ்டம், திரும்பத் திரும்பச் செய்ததா, தெரியாமல் நடந்ததா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவு சொல்கிறது. விசாரணைக்குப் போகிறவர்கள் அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டம் நமக்குத் தருகிற உரிமைகள் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்தால் அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும். மாதிரியை நான்காகப் பிரிக்க வேண்டும். ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம் இருப்பில். நான்காவது பாகத்தை அங்கீகாரம் பெற்ற வேறொரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும்படி கேட்கும் உரிமை நமக்கு உண்டு; செலவு நம்முடையது. கேட்டால்தான் கிடைக்கும், கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு புலம்பிப் பயனில்லை. பகுப்பாய்வு அறிக்கை நமக்குப் பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சிறு குறைகளுக்கு, எடுத்த எடுப்பில் நடவடிக்கை எடுக்காமல், திருத்திக்கொள்ளக் குறைந்தது 14 நாள் அவகாசம் தந்து அறிவிப்பு கொடுக்கவும் 32-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தக்க எச்சரிக்கையோடுதான் நடந்துகொண்டோம் என்று காட்டினால் அது செல்லத்தக்க எதிர்வாதம்.

எதைக் கொண்டு காட்டுவது? பில்லைக் கொண்டுதான். உரிமம் பெற்ற இடத்தில், பில்லோடும் உத்தரவாதத்தோடும் வாங்கியிருந்தால் பொறுப்பு மேலே போகும். துண்டுச் சீட்டில் வாங்கியிருந்தால் சங்கிலி நம் கடை வாசலோடு அறுந்துவிடும். கலந்தவர் கையை உதறிக்கொண்டு போய்விடுவார். கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் மிச்சம் என்று பில் இல்லாத சரக்கை இறக்குகிறவர்கள், அந்த ஒன்றரை ரூபாய் எதற்கு விலை என்று யோசிக்க வேண்டும். பில் தர மறுக்கிற மொத்தக் கடை எதுவாயிருந்தாலும், அது நம் கடையாகவே இருந்தாலும், அங்கே வாங்காதீர்கள்.

சில சமயம் ஒரு விதி இழுக்கிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் இன்னொரு விதி இழுக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. நல்லதுதான், சாக்கடை அடைத்து மழைத் தண்ணீர் கடைக்குள் வந்தபோது பட்டவர்கள் நாம். பை போயிற்று, பழையபடி காகிதப் பொட்டலம் கட்டலாம் என்று செய்தித்தாள் கட்டை இறக்கினோம். 2018-ஆம் ஆண்டு உணவுப் பொட்டல ஒழுங்குமுறை அதையும் தடுக்கிறது. அச்சு மை உணவில் ஏறும் என்பதால் செய்தித்தாளில் உணவுப் பொருளை மடிக்கக் கூடாது. காரணம் சரியானதே. பஜ்ஜியை எடுத்த பிறகு காகிதத்தைப் பார்த்தால் எழுத்து பஜ்ஜிக்குப் போயிருக்கும். ஆனால் அரைக்கால் கிலோ கடுகை எதில் கொடுப்பது? அச்சடிக்காத பழுப்புக் காகிதம் வாங்கினால் பொட்டலத்துக்குச் செலவு ஏறுகிறது. அதை விலையில் ஏற்றினால் 'அந்தக் கடையில் குறைவு' என்கிறார்கள்.

இங்கே வாடிக்கையாளர் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். நம் தாய்மார்கள் மஞ்சள் பையும் எண்ணெய்த் தூக்கும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். இப்போது வண்டியை நிறுத்தி, இறங்காமலே, கையை வீசிக்கொண்டு கேட்கிறார்கள். 'பை இல்லையா? பிறகு என்ன கடை நடத்துகிறீர்கள்?' என்கிறார்கள். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. அபராதம் விழுவது என்னவோ கடைக்காரர் மேல். ஒரு கடைக்காரர் மட்டும் மறுத்தால் வாடிக்கை நழுவும். தெரு முழுக்க மறுத்தால் பை தானாக வீட்டிலிருந்து வரும். விதியைத் தனித்தனியாகக் கடைப்பிடிப்பது கடினம், சேர்ந்து கடைப்பிடிப்பது எளிது. சங்கம் என்று ஒன்று பிறகு எதற்கு இருக்கிறது?

புகையிலைச் சட்டம் 2003-ல் வந்தது. 18 வயது நிறையாதவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. பலகை மாட்டியிருக்கிறோம். ஆனால் மாலை ஏழு மணிக்கு ஒரு பையன் வந்து 'அண்ணாச்சி, அப்பா ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கிவரச் சொன்னாங்க' என்று நிற்கும்போது அங்கே போலீசும் இல்லை, சுகாதார ஆய்வாளரும் இல்லை. 'அப்பாவையே வரச் சொல்லு தம்பி' என்று அனுப்புகிற கடைக்காரர்கள் நம் ஊரில் உண்டு. அப்பா கோபித்துக்கொண்டு பற்று வரவை வேறு கடைக்கு மாற்றிக்கொண்டதும் உண்டு. அந்த நஷ்டத்தை எந்தச் சட்டமும் ஈடு செய்யாது. ஆனாலும் அவர்கள் கொடுக்கவில்லை.

காலாவதிச் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. தேதி முடிந்ததை விற்றால் விற்றவர் பொறுப்பு, நியாயம். ஆனால் சரக்கைத் திணிக்கும்போது பத்துப் பெட்டி எடுத்தால்தான் சலுகை என்று இறக்கிவிட்டு, தேதி முடிகிறபோது 'கம்பெனி திரும்ப எடுக்காது' என்கிற விநியோகஸ்தர்களை என்ன செய்வது? திரும்ப எடுக்கும் பொறுப்பைக் கால வரையறையோடு கம்பெனிகள் மேல் சுமத்தும்படி கேட்பதுதான் உருப்படியான தீர்மானம். நாமும் புதிதாக வந்த பெட்டியைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னால் நகர்த்துகிற வேலையைப் பையன்களிடம் விட்டுவிடாமல் வாரம் ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்.

இத்தனையும் எழுதிவிட்டுச் சும்மா இருப்பதற்கில்லை. நம் சங்கத்துக்கு மூன்று யோசனைகளை எழுத்து மூலமாகக் கொடுக்க இருக்கிறோம். சங்கக் கட்டட வாசலில் முத்திரையிட்ட மின்னணுத் தராசு ஒன்றை வைக்க வேண்டும். வாங்கிய பொருளை யார் வேண்டுமானாலும் நிறுத்துப் பார்க்கட்டும். உள்ளே ஒரு மேசையில் கண்ணாடிக் குவளை, தண்ணீர், உருப்பெருக்கி வைத்து, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்டுள்ள எளிய சோதனைக் கையேட்டையும் வைக்கலாம். மிளகாய்த் தூளைத் தண்ணீரில் போட்டால் செங்கல் பொடி அடியில் நரநரவென்று தங்கும். கேசரிப் பருப்பு ஒரு பக்கம் சரிந்து ஆப்பு வடிவில் இருக்கும். கடுகை நசுக்கினால் உள்ளே மஞ்சள், பிரம்மதண்டு விதையை நசுக்கினால் வெள்ளை. வெளித்தோலும் கடுகைப் போல வழுவழுப்பாக இராது. சரக்கு எடுக்கும் முன் ஐந்து நிமிட வேலை.

மூன்றாவதுதான் சிக்கலானது. தெரிந்தே கலப்படம் செய்து பிடிபட்ட உறுப்பினருக்காகச் சங்கம் கடையடைப்பு நடத்தக் கூடாது, வக்கீல் செலவும் கொடுக்கக் கூடாது. தெரியாமல் மாட்டிக்கொண்டவருக்கு, பில்லைக் காட்டினால், கடைசி வரை கூட நிற்க வேண்டும். இதைச் சொன்னதும் செயற்குழு நண்பர்கள் இருவர் முகம் சுளித்தார்கள். 'தெரிந்து, தெரியாமல் என்று யார் தீர்ப்புச் சொல்வது? நாளைக்குப் போட்டிக் கடைக்காரரே போட்டுக் கொடுப்பார்' என்றார்கள். கேள்வி நியாயமானது. செயற்குழுவைச் சேராத மூன்று மூத்த உறுப்பினர்கள் கொண்ட குழு பில்லையும் சரக்கையும் பார்த்து முடிவு செய்யலாம் என்பது நம் எண்ணம். வேறு வழி தெரிந்தவர்கள் ஆசிரியருக்கு எழுதலாம். தராசை எப்போது வைத்தாலும் அதோடு வைக்க 5 கிலோ முத்திரைக் கல் ஒன்றை நம் கடையிலிருந்து தருகிறோம்.